ஒரே சுவரில் மூன்று பாசிகள்

தென்மேற்கு இங்கிலாந்தின் கிராமங்களில் சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய சுவர்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஒரு சுவரின் மேற்புறத்தில், ஐம்பது சென் நாணய அகலத்தில் சின்னச் சின்ன மெத்தைகள் ஒட்டிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம், உருண்டை வடிவம், மேலெல்லாம் வெண்மயிர். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எலிக்குஞ்சுகள் சுருண்டு படுத்திருப்பதுபோல் இருக்கும். இவை பாறையில் வாழும் பாசிகள்.

அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே கல்லில், ஒரு சாண் இடைவெளிக்குள் வளர்கின்றன. முதலாவது, ஐரோப்பாவில் சுவர் இருக்கும் இடமெல்லாம் காணப்படும் மிகச் சாதாரணமான இனம். இரண்டாவது அதன் நெருங்கிய உறவு, ஆனால் பிரிட்டனில் அவ்வளவு எளிதில் கிடைக்காதது. மூன்றாவதற்கு 1996ஆம் ஆண்டு வரை, இன்று வழங்கும் பெயரே இல்லை. எது எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

இங்கிலாந்துச் சுவர் வரை ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். வெண்மயிர் கொண்ட இந்தப் பாசிகள் குளிர்ந்த நாடுகளின் காய்ந்த பாறைகளுக்கு உரியவை. அங்குள்ள ஆய்வாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றோடு மல்லுக்கட்டி, எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெளிவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வழியைக் கற்றுக்கொண்டால் நம் வீட்டுக் கால்வாய்ச் சுவரிலும் அதைப் பயன்படுத்தலாம். கால்வாய்க்குக் கடைசியில் வருவோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் குளத்து நீரில் மிதப்பதும் பாசி, குளியலறைத் தரையில் வழுக்குவதும் பாசி, பாறையில் மெத்தையாக வளர்வதும் பாசி. மலாய் மொழியின் ‘லுமுட்’டும் ஏறக்குறைய இதே மாதிரிதான் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். (பேராக்கில் உள்ள லுமுட் நகரின் பெயர் அந்தச் சொல்லேதான்.) இந்தக் கட்டுரையில் பாசி என்றால் தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி என்று பொருள். ஆங்கிலத்தில் மாஸ் என்பார்களே, அது. குளத்துப் பாசி வேறு குடும்பக் கதை.

நிறத்தை நம்பாதீர்கள்

பாறைப் பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கல்லைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே உண்டு. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஓர் உயிரணுக் கனம்தான். மழையும் பனியும் இலையின் மேல் பட்டதும் நீர் நேராக உள்ளே போய்விடும். வெயில் அடித்தால் அதே வேகத்தில் வெளியேறிவிடும். காய்ந்த பாசி இறந்துவிடுவதில்லை. இலைகளை மடக்கிக்கொண்டு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்.

இதனால் ஒரே மெத்தை காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் தெரியும். நனைந்திருக்கும்போது இலைகள் விரிந்து பச்சை நிறம் தூக்கலாக இருக்கும். காய்ந்தபின் இலைகள் தண்டோடு ஒட்டிக்கொள்ள, இலை நுனிகளில் உள்ள வெண்மயிர் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். மெத்தை முழுவதும் நரைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். பச்சைப் பாசியொன்று, சாம்பல் பாசியொன்று என்று இரண்டு பெயர் எழுதிக்கொண்டு திரும்பினால், ஒரே செடியை இருமுறை எழுதியிருப்பீர்கள்.

வெண்மயிரின் நீளமாவது நிலையானதா? அதுவும் இல்லை. அந்த மயிர், பச்சையம் இல்லாத இறந்த உயிரணுக்களால் ஆனது. கடும் வெயிலைத் திருப்பி அனுப்பவும், அதிகாலைப் பனித்துளியைப் பிடிக்கவும் உதவுகிறது. வெயில் படும் பக்கத்தில் மயிர் நீளமாக வளரும். அதே சுவரின் நிழல் பக்கத்தில், அதே இனம், கட்டை மயிரோடு பச்சைப் பசேல் என்று இருக்கக்கூடும். மெத்தையின் உயரம், அடர்த்தி, நிறம், மயிர் நீளம் ஆகிய நான்கும் இடத்துக்கு இடம் மாறக்கூடியவை. நம் கண்ணில் முதலில் படுபவையும் இந்த நான்குதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வெயிலும் நிழலும் எளிதில் மாற்றிவிடாத உறுப்பைத் தேட வேண்டும். பாசியில் அது பெரும்பாலும் வித்துப்பையிலும் அதைச் சுற்றியும் இருக்கிறது.

குட்டிப் பெட்டியும் மூடியும்

பாசி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. பச்சைச் செடியில் கருவுறுதல் நடந்ததும், அதன் நுனியிலிருந்து ஒரு காம்பு வளரும். காம்பின் உச்சியில் ஒரு பை. அதற்குள்தான் தூள் போன்ற நுண்வித்துகள் உருவாகின்றன. காம்பும் பையும் சேர்ந்து ஒரு தனித் தலைமுறை. தாய்ச்செடியின் மேலேயே நின்று, அதனிடமிருந்தே ஊட்டம் பெற்று வாழ்ந்து முடிக்கும் பிள்ளை என்று சொல்லலாம்.

பையின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். மூடிக்கு மேல் ஒரு மெல்லிய தொப்பி. இந்தத் தொப்பி மட்டும் பிள்ளையின் உடலைச் சேர்ந்ததன்று. தாய்ச்செடியின் முட்டைப்பையில் மிஞ்சியது அது. பிள்ளை வளர வளர, தாயின் அந்தத் துண்டைத் தலையில் தூக்கிக்கொண்டே மேலே போகிறது. தொப்பி விழுந்தபின் மூடியும் விழும். மூடிக்குக் கீழே, பையின் வாய் விளிம்பில், ஒரு வட்டமாகப் பற்கள் இருக்கும். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அசைந்து, வித்துகள் வெளியேறுவதை அவை ஒழுங்குபடுத்துகின்றன. பையின் நடுவில் மெல்லிய தூண் ஒன்றும் உண்டு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மெத்தைக்கு அது தேவைப்படும்.

இவ்வளவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்குக் கண்ணாடி வேண்டும். அதைப் பிடிக்கும் முறையைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள். செடிக்கு அருகில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எட்ட நின்று பார்க்கக்கூடாது. கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தெளிவாகத் தெரியும்வரை முகத்தைச் செடிக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். ஒரு நிமிடப் பழக்கத்தில் வந்துவிடும்.

இனி சுவருக்குத் திரும்புவோம்.

அன்னக் கழுத்து

முதல் மெத்தையில் இலைகளை மெதுவாக விலக்கிப் பார்த்தால், பை நிமிர்ந்து நிற்கவில்லை. காம்பு அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து, பையைத் தலைகீழாக இலைகளுக்குள் புதைத்திருக்கிறது. பை முதிர்ந்து காயும்போது காம்பு நிமிரத் தொடங்கும். இந்த வளைவு கிரிம்மியா என்ற பேரினத்தில் பல இனங்களுக்குப் பொதுவான அடையாளம். ஜெர்மானிய மருத்துவரும் தாவர ஆர்வலருமான கிரிம் என்பவரின் பெயரால் வந்தது அந்தப் பெயர்.

இந்த ஓர் அடையாளமே சுவரில் வளரும் வேறொரு பாசியை உடனே ஒதுக்கிவிடும். டார்டுலா முராலிஸ் என்ற சுவர்ப் பாசிக்கும் இலை நுனியில் வெண்மயிர் உண்டு. காய்ந்தால் அதுவும் நரைக்கும். ஆனால் அதன் காம்பு நீளமாக, ஊசிபோல் நேராக நிற்கும். பையின் பற்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். உறவு நெருக்கமே இல்லாத வேறு குடும்பம். வெயில் சுடும் சுவரில் வாழ இரண்டு குடும்பங்களும் தனித்தனியே வெண்மயிரைக் கண்டுபிடித்துக்கொண்டன என்பதுதான் விஷயம். ஒத்த தோற்றம் என்றால் ஒத்த உறவு என்று அவசரப்படக்கூடாது என்பதற்கு இதைவிடக் கைக்கடக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் மெத்தையைப் பிரித்தால் அதிலும் காம்பு வளைந்தே இருக்கிறது. ஆக, இரண்டும் கிரிம்மியாதான். இப்போது மூடியைப் பாருங்கள்.

முதல் மெத்தையின் மூடியில் நீண்ட அலகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, பறவைக் குஞ்சின் மூக்கைப்போல. இரண்டாவதின் மூடியில் அலகு இல்லை. நடுவில் மழுங்கிய சிறு குமிழ் மட்டுமே. தொப்பியும் வேறு. முதலாவதின் தொப்பி விளிம்பில் பல இடங்களில் கீறப்பட்டு, மணிபோல் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதின் தொப்பி ஒரே பக்கம் கிழிந்து, சாய்த்துப் போட்ட முக்காடுபோல் இருக்கும். பையின் வடிவத்திலும் வேறுபாடு உண்டு. முதலாவது முட்டை வடிவம், இரண்டாவது உருண்டைக்கு நெருங்கியது.

முதலாவதின் பெயர் கிரிம்மியா புல்வினாட்டா. லத்தீனில் ‘மெத்தை போன்றது’ என்று பொருள். இரண்டாவது கிரிம்மியா ஆர்பிகுலாரிஸ், அதாவது ‘வட்டமானது’. வெயில் நன்றாகப் படும் சுண்ணாம்புக்கல்லை அது விரும்பும்.

மூடி ஏன் நம்பத்தக்கது, மயிர் நீளம் ஏன் நம்பத்தகாதது? இதற்குப் பாசி ஆய்வாளர்கள் செய்யும் ஒரு சோதனை எளிமையானது, அழகானது. இரண்டு வகைகளும் ஒரே கல்லில், ஒரே வெயிலில், ஒரே மழையில் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடத்தைத் தேடுவார்கள். சுற்றுப்புறம் காரணமாக வந்த வேறுபாடு என்றால், அங்கே அது மறைந்துபோக வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். அங்கேயும் ஒன்றுக்கு அலகும் மற்றதற்குக் குமிழுமாகவே இருந்தால், இடையில் பாதி அலகு கொண்டவை வரவில்லை என்றால், அந்த வேறுபாடு கல்லிலிருந்து வந்ததன்று. செடி தன் மரபிலேயே கொண்டுவந்தது. நாம் கற்பனை செய்த சுவரில் மூன்று மெத்தைகளையும் ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தது இதற்காகத்தான். தனித்தனிச் சுவர்களில் இருந்திருந்தால் இந்தச் சோதனை நடந்திருக்காது.

ஆனால் மூடி எப்போதும் இருக்காது. முதிர்ந்ததும் விழுந்துவிடும். பிறகு என்ன செய்வது? இலை நுனிக்குப் போகலாம். புல்வினாட்டாவின் இலை மேலே கிட்டத்தட்ட வட்டமாக முடிந்து, அந்த வட்டத்திலிருந்து மயிர் திடீரென்று கிளம்பும். கட்டைவிரல் நுனியில் ஊசியைக் குத்தி வைத்தாற்போல் இருக்கும். ஆர்பிகுலாரிஸில் இலை சிறிது சிறிதாகக் குறுகி மயிராக மாறும். இந்த அடையாளம் உண்மைதான் என்றாலும் மூடியளவுக்கு உறுதியானதன்று. ஒரே செடியில் ஐந்தாறு இலைகளைப் பார்த்து, பெரும்பான்மை எப்படி என்று முடிவு செய்வது நல்லது. முனை ஒடிந்த ஓர் இலையை வைத்துக்கொண்டு வாதாடக்கூடாது.

கல்லும் ஒரு சாட்சி

வெண்மயிரும் வளைந்த காம்பும் கொண்ட இன்னோர் உறவு கிரிம்மியா டிரைக்கோஃபில்லா. இதன் மெத்தை தளர்வானது, பச்சை சற்றுத் தூக்கல், இலை மெல்ல மெல்லக் குறுகி மயிராகும். ஆண், பெண் உறுப்புகள் தனித்தனிச் செடியில் இருப்பதால் வித்துப்பை அபூர்வம். மூடியைப் பார் என்று மேலே சொன்ன அறிவுரை இதனிடம் பெரும்பாலும் எடுபடாது.

இங்கே கல் உதவிக்கு வருகிறது. டிரைக்கோஃபில்லா பொதுவாக அமிலத்தன்மையுள்ள பாறைகளில் வளரும். புல்வினாட்டா சுண்ணாம்பை விரும்பும். கல்லில் சுண்ணாம்பு உண்டா என்று அறிய, உடைந்து விழுந்த ஒரு சில்லின்மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் போதும். நுரைத்தால் சுண்ணாம்பு. வகுப்பில் நீங்கள் செய்த கார்பனேட்டுச் சோதனைதான்.

கல்லைச் சாட்சியாகக் கேட்கலாம், நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக்கூடாது. கருங்கல் சுவரைப் பாருங்கள். கல் அமிலத்தன்மையுள்ளது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசிய சாந்து சுண்ணாம்பு. ஒரே சுவரில், கல்லின் முகத்தில் ஒரு கூட்டம், சாந்துக் கோட்டில் வேறொரு கூட்டம் என்று பாசிகள் வரிசை பிரித்து நிற்கும். மழைநீர் சாந்தைக் கரைத்துக் கல்லின்மேல் வழியவிட்டால் அந்த எல்லையும் கலங்கிவிடும். ‘கருங்கல் சுவரில் எடுத்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது என்பது இதனால்தான். கல்லிலா, சாந்திலா, மேற்புறமா, பக்கமா என்றும் எழுத வேண்டும்.

1996இல் பிரிந்த பெயர்

மூன்றாம் மெத்தை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் கருத்து, தளர்ந்து இருக்கும். பிரித்துப் பார்த்தால் அன்னக் கழுத்து இல்லை. காம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. பை இலைகளுக்கு நடுவே நேராக அமர்ந்திருக்கிறது. மூடி விழுந்த பையில் சிவந்த பற்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கின்றன. கண்ணாடி வழியாகப் பார்க்க இந்த மூன்றில் மிக அழகானது இதுதான் என்பேன்.

இது ஸ்கிஸ்டிடியம் என்ற பேரினம். இப்போது அந்த நடுத்தூணை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரிம்மியாவில் மூடி மட்டும் கழன்று விழும், தூண் பைக்குள்ளேயே தங்கும். ஸ்கிஸ்டிடியத்தில் தூண் மூடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூடி விழும்போது தூணையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும், காளானைக் காம்போடு பிடுங்கியதுபோல. முதிரும் தறுவாயில் உள்ள பையின் மூடியை ஊசி முனையால் தட்டிவிட்டால் இதைக் கண்ணாலேயே காணலாம்.

இந்தப் பாசியின் பெயர்க்கதை நீளமானது. பாசிகளின் அறிவியல் பெயர்களுக்கு அதிகாரபூர்வத் தொடக்கம், யோஹானஸ் ஹெட்விக் எழுதி, அவர் 1799இல் மறைந்தபின் 1801இல் வெளியான நூல். டிரான்சில்வேனியாவில் பிறந்து ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த மருத்துவர் அவர். அந்த நூலில் இந்த வகைப் பாசிக்கு கிரிம்மியா அப்போகார்ப்பா என்று பெயரிட்டார். பிறகு அது ஸ்கிஸ்டிடியம் அப்போகார்ப்பம் ஆயிற்று. பெயர் மாறினாலும் பொருள் விரிந்துகொண்டே போனது. ஓடைப் பாறையில் வளர்ந்ததும் அப்போகார்ப்பம், காய்ந்த சுண்ணாம்புச் சுவரில் வளர்ந்ததும் அப்போகார்ப்பம். மயிர் நீண்டது, மயிரே இல்லாதது, சிவந்தது, கருத்தது எல்லாமே ‘மிகவும் மாறுபடும் இனம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கின.

மாறுபடும் இனம் என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அது உண்மையாகவே ஒரே செடியின் பல தோற்றமாக இருக்கலாம். அல்லது, பல செடிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதாகவும் இருக்கலாம். நார்வே ஆய்வாளர் ஹான்ஸ் புளோம் அந்தச் சாக்கை அவிழ்த்தார். நார்வே, சுவீடன் நாடுகளில் உள்ள அப்போகார்ப்பம் கூட்டத்தை முழுமையாக ஆராய்ந்து 1996இல் அவர் வெளியிட்ட நூலில், ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டிருந்தவை இருபதுக்கும் மேற்பட்ட தனி இனங்களாகப் பிரிந்தன. பலவற்றுக்கு அவரே பெயர் வைக்க வேண்டியிருந்தது.

அவர் ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பிரிக்கவில்லை. மயிர் தட்டையா உருண்டையா, இலை உயிரணுச் சுவர் நேரா நெளிவா, பையின் வெளித்தோல் உயிரணுக்களின் வடிவம் என்ன, பற்களில் துளைகள் எத்தனை, வித்தின் அளவு என்ன என்று பலவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஓர் அடையாளம் மட்டும் மாறினால் அது தற்செயலாக இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து அடையாளங்கள் எப்போதும் சேர்ந்தே மாறினால், அவற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பது மரபுதான் என்று கொள்ள நியாயம் இருக்கிறது.

நம் மூன்றாம் மெத்தை அப்படிப் பிரிந்த ஒன்று. பெயர் ஸ்கிஸ்டிடியம் கிராசிபிலம், ‘தடித்த மயிருடையது’. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனின் சுவர்களிலும் கான்கிரீட்டிலும் மிகச் சாதாரணமாக வளரும் ஸ்கிஸ்டிடியம் இதுதான். தலைமுறை தலைமுறையாக மக்கள் கைவைத்துச் சாய்ந்த சுவரில் இருந்த பாசி, இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் தன் பெயரைப் பெற்றது.

பெயர் மாறினால் என்ன?

எந்தப் பெயராய் இருந்தால் என்ன, பாசி பாசிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பதிவுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1996க்கு முன் ‘அப்போகார்ப்பம், இந்த ஊர், இந்தச் சுவர்’ என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய கணக்கில் அது எந்த இனம்? பெயரை மட்டும் எழுதியிருந்தால் யாராலும் சொல்ல முடியாது. பிரிந்த இனங்களில் சில எங்கும் கிடைப்பவை, சில அரிதானவை. அரிய இனம் ஒன்று, சாதாரண இனத்தின் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்வரை அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. அது வளர்ந்த பாறையை உடைத்துச் சாலை போட்டால், ஒன்று அழிந்தது என்பதும் பதிவாகாது.

காற்று மாசு ஆய்விலும் இதே கதை. இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசல் நகரைச் சுற்றியுள்ள டைன் பள்ளத்தாக்கில், பாசிகளையும் அவற்றின் உறவுச் செடிகளையும் காற்று மாசின் அடையாளமாகக் கொண்டு ஆலிவர் கில்பர்ட் செய்த ஆய்வு 1968இல் வெளிவந்தது. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகும். தோல் தடிப்பில்லாத பாசி இலை அதை நேராக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நகரை நெருங்க நெருங்கப் பாசி இனங்கள் குறையும். ஆனால் சுண்ணாம்புக்கல், சாந்து போன்றவை அமிலத்தை நடுநிலையாக்குவதால், அவற்றின்மேல் வளரும் பாசி சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். எந்த இனம், எந்தக் கல்லில், எவ்வளவு தூரத்தில் என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் அப்படிப்பட்ட வரைபடம் எதையாவது சொல்லும். இனத்தின் பெயர் பிசகினால், காற்று சுத்தமாக இருக்கிறது என்று தவறாகச் சொல்லிவிடும்.

உங்கள் கால்வாய்ச் சுவர்

இப்போது நம் ஊருக்கு வரலாம். சிமெண்ட் என்பது ஒருவகையில் மனிதன் செய்த சுண்ணாம்புக்கல்தான். அதனால் இங்கிலாந்துச் சுவருக்கும் வீட்டுக்கு வெளியே ஓடும் லோங்காங் சுவருக்கும் வேதியியல் ரீதியாக அவ்வளவு தூரமில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கால்வாய், மதில், நடைபாதை ஓரம் என்று எங்கும் பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருப்பதில் பெரும்பங்கு ஹையோஃபிலா இன்வொலூட்டா. கிரேக்கத்தில் ஹையோஃபிலா என்றால் ‘மழையை விரும்புவது’. நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமான பெயர். அதே இடங்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த பார்புலா இண்டிகாவும் வளரும். இரண்டும் குட்டையானவை, நாக்கு வடிவ இலை கொண்டவை, வெண்மயிர் இல்லாதவை. வித்துப்பை இல்லாத மெத்தைகள் பல உண்டு. இலையிடுக்கில் உருவாகும் நுண்மொட்டுகள் உதிர்ந்தே இரண்டும் பரவிக்கொள்ளும்.

மழை பெய்யாத ஒரு மதியத்தில் போய்ப் பாருங்கள். காய்ந்த ஹையோஃபிலாவின் இலை, இரு ஓரங்களையும் உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு குழல்போல் நிற்கும். இன்வொலூட்டா என்ற சொல்லுக்கே ‘உட்சுருண்டது’ என்றுதான் பொருள். பார்புலாவின் இலை காய்ந்தால் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஹையோஃபிலா உங்கள் கண்ணெதிரிலேயே விரிந்துவிடும். விரிந்த இலையின் நுனிப்பக்க ஓரத்தைக் கண்ணாடியால் பார்த்தால், ஹையோஃபிலாவில் சிறு பற்கள் தெரியும், பார்புலாவில் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். இதற்குமேல் உறுதிப்படுத்த நுண்ணோக்கி வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளதே போதும். ஆன் ஜான்சன் எழுதி 1980இல் வெளியான, சிங்கப்பூர், மலேசியப் பாசிகளைப் பற்றிய ஆங்கில நூல் நூலகத்தில் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் எதையும் பறிக்கக்கூடாது, படம் மட்டும் எடுக்கலாம். காய்ந்த நிலையில் ஒன்று, நனைத்தபின் ஒன்று, அருகில் ஓர் அடிக்கோலோ நாணயமோ வைத்து எடுங்கள். சொந்த வீட்டுக் கால்வாய்ச் சுவர் என்றால், விரல் நகம் அளவு எடுத்தால் போதும். அதைக் காற்றில் உலர்த்தி, மடித்த தாள் உறைக்குள் போட்டு, மேலே தேதி, இடம், சிமெண்டா கல்லா, வெயிலா நிழலா என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும். எந்த இனம் என்று உறுதி இல்லையென்றால் ‘ஹையோஃபிலா’ என்று பேரினப் பெயரை மட்டும் எழுதி, அடுத்த சொல்லுக்கு இடம் விட்டுவிடுங்கள். ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். வித்துப்பை இல்லாத ஸ்கிஸ்டிடியத்தை அவர்கள் பலமுறை பேரினப் பெயரோடு நிறுத்திவிடுவது உண்டு.

உறைக்குள் காய்ந்த பாசி உயிரிழந்தாலும் உருவம் இழப்பதில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு சொட்டு நீரில் போட்டால் இலை மறுபடி விரியும், பற்களையும் மயிரையும் எண்ணலாம். அப்போகார்ப்பம் என்று தவறாகப் பெயரெழுதிக் காப்பகங்களில் கிடந்த பழைய உறைகளை 1996க்குப் பிறகு திறந்து, உள்ளே இருந்தது உண்மையில் எந்த இனம் என்று மறுபடி பெயர் எழுத முடிந்தது அதனால்தான். குறிப்பேட்டில் வெறும் பெயராக மட்டும் இருந்தவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.